கடைசி எழுத்திலிருந்து உன் பெயர்

என் ஆசை பிலோமினா அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் பதில் வராத இடத்தில் இருக்கிறாய். அதனால் என் செய்தியைச் சொல்கிறேன். நீ போன பிறகு வந்த கோடையில் எனக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். வலக்கை மட்டும் வரவேயில்லை. சட்டைப் பொத்தானைக்கூட என் பெண்டாட்டி ஸ்டெல்லாதான் போட்டுவிடுகிறாள்.

கைக்காக நான் அழவில்லை அக்கா. கல்லறைத் திருநாள் வருகிறதே என்றுதான் அழுதேன். ராயபுரத்தில் அம்மா அப்பாவை அடக்கம் செய்த அதே குழியில்தான் உன்னையும் வைத்தோம். சிலுவையில் அவர்கள் பெயர் நீ எழுதியது. கீழே வெறும் சிமெண்டு. வருஷா வருஷம் திருநாளுக்குப் புதுசாகப் பெயரெழுத நாம் வெளியாளை விட்டதே இல்லை. முதலில் அப்பா, அப்புறம் நீ. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என்னை விட்டால் யார்?

"இன்னாத்துக்குய்யா இந்த ரோதன? பெயின்டர் கைல குட்த்தா எய்திட்டுப் போய்கினே இருப்பான்" என்றாள் ஸ்டெல்லா.

"எங்கக்கா பேர எவனோ எய்தறதா?" என்று கத்தினேன். பாவம், அவளிடம் கத்தி என்ன பயன்? "வீம்பு புட்ச்ச குடும்பம்" என்று முனகிக்கொண்டே சாக்பீஸ் வாங்கி வந்து கொடுத்தாள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்தான் எனக்குச் சிலேட்டு. இடக்கையால் உன் பெயரையே எழுதிப் பழகினேன். ஒரு சுழிகூட வளையவில்லை. 'லோ' போட்டு முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும். அப்போதெல்லாம் அம்மா உன் கையில் கரண்டியால் அடித்தது நினைவுக்கு வரும்.

"பீச்சாங்கைல எய்தாதடி, பாக்கறவங்க சிரிப்பாங்க."

"கை எதுவா இருந்தா இன்னாம்மா? எய்த்து நல்லா கீதா, அத்தப் பாரு."

எத்தனை அடி வாங்கியும் நீ கையை மாற்றவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டியதும் அதே கைதான். கையை மாற்றுவது எப்பேர்ப்பட்ட பாடு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சின்னப் பிள்ளை உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்?

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கல்லறைக்குப் போனோம். ஸ்டெல்லா சிலுவையைக் கழுவித் துடைத்தாள். அம்மா அப்பா பெயரை நான் தொடவில்லை. மங்கியிருந்தாலும் அது உன் கை, இந்த வருஷம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கறுப்பு பெயிண்டில் 'பி' எழுதினேன். நடுங்காமல் இருக்க மணிக்கட்டைச் சிலுவையில் ஊன்றி 'லோ'வுக்கு நகர்ந்தேன். ஈரமாக இருந்த 'பி'யை என் மணிக்கட்டே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே கலீஜ். அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அம்மா பெயரை நீ கடைசி எழுத்தில் தொடங்கி இடப்பக்கமாக எழுதிக்கொண்டே போவாய்.

"இன்னாக்கா, பேர தலகீயா எய்தினுகீற?"

"உனுக்குப் புரியாதுடா. நீ சோத்தாங்கைக்காரன்."

புரிந்துவிட்டது அக்கா. சொல்லத்தான் நீ இல்லை.

'னா'வில் தொடங்கினேன். அப்புறம் 'மி', 'லோ'. ஈரமெல்லாம் வலப்பக்கமே தங்கிவிட்டது, கை சுத்தமாக நகர்ந்தது. கடைசியில் 'பி'க்கு இடம் போதவில்லை. நெரிசல் பஸ்ஸில் கடைசியாக ஏறியவள் மாதிரி ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறது. மேலே பார்த்தேன். நீ எழுதிய அம்மா பெயரிலும் முதல் எழுத்து அப்படித்தான் ஒடுங்கி நிற்கிறது. இத்தனை வருஷமாக என் கண்ணில் அது பட்டதே இல்லை.

அடுத்த வருஷம் இடம் விட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம், ஒடுங்கியே இருக்கட்டும். இந்தக் கை ஓடுகிறவரை மூன்று பெயரையும் நானே எழுதுவேன், கடைசி எழுத்திலிருந்து.

உன் பீச்சாங்கைத் தம்பி,
சேவியர்