விளக்குக் கம்பத்தடியில் ஒரு கை

லெம்பிக்கு,

பனி உருகியதும், என்னைப்போலவே கான்கிரீட் வேலை செய்கிற ஆர்வோ, மளிகைக்கடைக்குப் போட்டுக்கொடுத்த கார் நிறுத்தத் தரையைப் பார்க்கப் போனேன். "நீங்க போட்டது ஒரே குளிர்காலத்துல தோல் உரிஞ்சுபோச்சு, அவர் போட்டதைப் போய்ப் பாருங்க"ன்னு நீதானே குத்திக்கொண்டே இருந்தாய்? சுத்தியலோடு போனேன்.

பால் லாரிகள் ஏறி இறங்குகிற இடமெல்லாம் தட்டினேன். நம் டுலூத் ஊர்க் குளிரும், பனி கரையத் தூவுகிற உப்பும் ஒரு சில்லைக்கூடப் பெயர்க்கவில்லை. தேய்க்கச் சுலபமாக இருக்குமென்று நான் ஈரக் கான்கிரீட்மேல் தண்ணீர் தெளித்தேன்; அதில்தான் என்னுடையது மேல்தோல் வலுவிழந்து உரிந்தது. அந்தப் பாவி தெளிக்கவில்லை.

ஆர்வோ வந்து நின்று சிரித்தான். "என்னப்பா, குறை ஏதாச்சும் மாட்டுச்சா?"

"ஒண்ணும் மாட்டல" என்றேன்.

மாட்டியது. விளக்குக் கம்பத்தடியில் ஒரு கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் கோணல். கார்க் கதவில் நசுங்கிய உன் விரல்தான். பக்கத்திலேயே கான்கிரீட் போட்ட தேதியைக் குத்தியிருக்கிறான்: செப்டம்பர் பதினான்கு. அக்காவுக்குக் காய்ச்சலென்று நீ ஃபார்கோ போன நாள். போட்ட அன்றைக்கு மட்டும்தான் கான்கிரீட் கையை வாங்கும், லெம்பி. இது தெரியாதவனையா கட்டிக்கொண்டாய்?

அவன் வேலை சுத்தம். எத்தனை லாரி ஏறினாலும் அந்தக் கை இன்னும் முப்பது வருஷத்துக்கு அழியாது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்