அக்கரைத் துணிக்கொடி

மைன் ஆற்றங்கரை,
மே மாதம், இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள ஸென்ஸி அக்காவுக்கு,

நீ ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இன்றுவரை உன் தங்கையாகவே இருக்கிற லியோபா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். கனடாவில் நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே?

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கஷ்கொட்டைப் பழுப்பு நிறம். எனக்கு வந்தது கத்தரிக்காய் நிறம். அலசி அலசிப் பார்த்தேன், இன்னும் பளபளப்பாகிறதே தவிரப் போகவில்லை. அந்தத் தலையோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை ரோட்டன்வேர்ட்டுக்குப் போய்வந்தேன்.

ஆமாம், அக்கரைக்குத்தான். நாம் பிறந்ததிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிற அதே ஊருக்கு. அதன் மதிலையும் கோபுர வாசலையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மரச்சட்ட வீடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைவேன். அதன் மணியைக் கேட்டுத்தான் நீயும் நானும் பால் கறந்தோம். ஆனால் நம் வீட்டில் ஒருவர்கூட அங்கே கால் வைத்ததில்லை. கத்தோலிக்கர் நமக்கு லுத்தரன்காரர் ஊரில் என்ன வேலை என்பாள் அம்மா.

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் கரைக்காரனைக் கட்டிக்கொண்டால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை என்று எழுதி, அதன் அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். நான் ஏழாவதோடு நின்றவள்தான், ஆனால் கோடு போடாமல் எழுதியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். அக்கா, இங்கே பங்குச்சாமியே இப்போது கொஞ்சம் இளகிவிட்டார். நீதான் கப்பலேறும்போது கொண்டுபோன கோபத்தை அங்கே ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாய்.

அவர் யார், எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெயர் கோட்ஹோல்ட். மனைவியை இழந்தவர். சனிக்கிழமைச் சந்தையில் என் வெங்காயக் கடைக்குப் பக்கத்தில் ஊறவைத்த வெள்ளரிக்காய் விற்கிறார். முதல் வருடம் முழுக்க நான் அவரிடம் பேசியதெல்லாம், "உங்க தொட்டிய அந்தப் பக்கம் தள்ளுங்க, வினிகர் நாத்தம் என் வெங்காயத்துல ஏறுது" என்பது மட்டும்தான். அவர், "அது ஏறுறதாலதாம்மா உன் வெங்காயம் விக்குது" என்பார். மனிதருக்குத் தொப்பை உண்டு. காது கொஞ்சம் மந்தம், அது எனக்கு வசதி. ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "ஓ, கம்பளம் தட்டுற ஊரா" என்றார். "நீங்க போர்வை காயப்போடுற ஊரா" என்றேன் நான்.

உனக்கு அது மறந்திருக்காது. பெரிய வெள்ளி அவர்களுக்குத்தான் வருடத்திலேயே பெரிய நாள், நமக்கு வேலை நாள். அன்று அவர்கள் ஊரே கோயிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது, நம் பெண்களெல்லாம் கம்பளங்களை ஆற்றங்கரைக்குத் தூக்கிவந்து பிரம்பால் விளாசுவோம். நமக்கு வாத்தியாரம்மா நீதான். நற்கருணைத் திருநாளில் நாம் பூத்தூவிப் பவனி போகும்போது, அவர்கள் அக்கரை நெடுகப் போர்வைகளைக் காயப்போட்டுப் பழிதீர்ப்பார்கள். உனக்குப் பின்னால் அந்தப் பிரம்பு என் கைக்கு வந்தது. இந்த வருடமும் தட்டினேன். அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்ன பிறகும் தட்டினேன். பழக்கம்.

சரி, போன கதைக்கு வருகிறேன். தோணித்துறையில் தோணிக்காரக் கிழவர் புர்க்கார்ட் என் புது உடுப்பையும் தலையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டார். அக்கரைக்கு என்றேன். "அக்கரைக்கா? அங்க யாரு செத்தா?" என்றார். "யாரும் சாகல, நான்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்று தோணியில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதற்குப் பிறகு அவர் துடுப்பை இரண்டு மடங்கு வேகமாகப் போட்டார்.

கோட்ஹோல்ட் அக்கரைத் துறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலையைப் பார்த்தார், "இன்னைக்கு வெங்காயம் இல்ல, பீட்ரூட்டா?" என்றார், கையைப் பிடித்துக்கொண்டார். கோபுர வாசலில் பழைய வெள்ளங்களின் அளவைக் கல்லில் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். "பாரு, எங்க ஊருக்கு வந்த வெள்ளம் எவ்வளவு உசரம்னு" என்று பெருமையாகக் காட்டினார். "அதே தண்ணிதானேய்யா எங்க ஊருக்கும் வந்துச்சு" என்றேன். "உங்களுக்கு வந்தது கத்தோலிக்கத் தண்ணி, கொஞ்சம் கம்மி" என்றார். ரொட்டிக்கடை வாசலில் நின்ற பெண்கள் நாங்கள் கடந்துபோகும்வரை பேச்சை நிறுத்தினார்கள், கடந்ததும் இரட்டிப்பாகப் பேசினார்கள். நான் திரும்பி நின்று, "ஞாயித்துக்கிழம வணக்கம்" என்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துச் சொன்னேன். பதில் சொல்லாமல் தப்பிக்க எவளுக்கும் வழி கிடைக்கவில்லை.

அவருக்கும் உன்னைப் போல ஓர் அக்கா, அக்கா. அடெல்ஹைட். கல்யாணம் செய்யாமல் தம்பிக்கு வீட்டைப் பார்க்கிறவள். விறைப்பான ஆள், கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை. புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக்கை வெட்டி என் தட்டில் வைத்தாள். நான் வாயில் வைப்பதற்கு முன்னால் கை தானாகச் சிலுவை போட்டுவிட்டது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள், "பெரிய வெள்ளியன்னைக்கு ஒரு செவப்புக் கம்பளத்த ஒருத்தி அடிச்சா. போதகர் பிரசங்கத்த நிறுத்திட்டு நிக்க வேண்டியதாப் போச்சு. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோட்ஹோல்ட் காது கேட்காதவராகிவிட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, இந்த மேசையில் பொய்யோடு உட்கார்ந்தால் ஆயுள் முழுக்க அதோடுதான் உட்கார வேண்டும் என்று தோன்றியது. "நான்தான்" என்றேன்.

"நல்ல கை" என்றாள். இன்னொரு துண்டு கேக் வைத்தாள். "எங்க ஊர்ல இப்படி அடிக்க ஒருத்தியும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வை போடுவது யார் என்று கேட்டேன். "முதல் போர்வை எப்பவும் என்னோடதுதான். அழுக்குப் போர்வைன்னு நெனச்சியா? துவைச்சு அடுக்கி வச்சத எடுத்து நனைச்சுப் போடுவேன். ஊர் பாக்குதுல்ல" என்றாள். வாங்க போங்க எப்போது போனது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

பிறகு என்னை மாடி ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். அக்கா, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது தெரியுமா? நம் வீட்டுக் கொல்லைப்புறம். கோழிக்கூடு, கொட்டகை, துணிக்கொடி. ஒட்டுப்போட்ட என் உள்பாவாடைகளை இத்தனை வருடமாக ஒரு லுத்தரன் ஊரே பார்த்திருக்கிறது. எனக்குத் தலைமுடி நிறத்துக்கு முகமும் வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் பேரு தெரியாது. ஆனா துணி தெரியும். ஒரு வசந்த காலத்துல ஆம்பளச் சட்ட வர்றது நின்னுபோச்சு. வெளியூர் போயிருப்பாரோன்னு அடுத்த வாரமும் பாத்தேன். அப்புறம் கறுப்பு மட்டும்தான் காஞ்சுது. அந்த வருஷம் உங்க திருநாளுக்கு நான் போர்வை போடல. நான் போடலன்னதும் பக்கத்து வீட்டுக்காரியும் போடல. எங்கம்மா ஏசுனா. ஏசட்டும்னு நனைச்சத அடுப்பு மேல காய வச்சேன்."

என் வீட்டுக்காரர் அல்ஃபோன்ஸ் இறந்த வருடம் அது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு உடுப்பில் பவனியின் வாலில் நடந்துகொண்டிருந்தேன். அக்கரை வெறுமையாக இருந்தது. மழைக்குப் பயந்துவிட்டாளுங்க என்று நம் பக்கத்து வீட்டு வால்புர்கா சொன்னாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நீ அப்போது நல்ல கடிதம் எழுதியிருந்தாய், குறை சொல்லவில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில், என் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி எனக்காகத் துக்கம் காத்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்துக் கம்பளம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கேட்டுக்கொள். நற்கருணைத் திருநாளன்று எப்போதும் போலப் பவனியில் நடப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமை, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க அக்கரைக்குப் போய் அவரைக் கட்டிக்கொள்வேன். நான் சபை மாறவில்லை, அவரும் மாறவில்லை. பங்குச்சாமி, "நல்லா யோசிச்சியா லியோபா?" என்று கேட்டார். "முதல் கல்யாணத்துக்கு எங்கப்பா யோசிச்சார் சாமி, இது என் முறை" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொள்வது போலச் சிரிப்பை மறைத்தார். வால்புர்கா என்னோடு பேசுவதில்லை. காது ஓய்வாக இருக்கிறது. அடுத்த பெரிய வெள்ளிக்கு நான் அடி வாங்குகிற கரையில் இருப்பேன். தட்டுகிறவள் யாரென்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன், சரியாகத் தட்டாவிட்டால் அங்கிருந்தே ஏசுவேன்.

நம் வீட்டை விற்கவில்லை, அக்கா. உன் அறையில் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். சாவி புர்க்கார்டிடம் இருக்கும். நீ வா. என் மேல் கோபம் தீரவில்லையென்றால் ஆற்றைக் கடக்க வேண்டாம், இக்கரையிலேயே இரு. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்து பார். அவர் சட்டையும் என் ஒட்டுப்போட்ட பாவாடையும் ஒரே கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகும் தங்கை இல்லை என்று தோன்றினால், அடுப்பைப் பற்றவைக்காதே. புகை எழும்பினால் நான் தோணி ஏறிவிடுவேன்.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. உன் பிடிவாதத்தையும் காக்கட்டும், அது அம்மாவுடையது.

உன் தங்கை,
லியோபா

பின்குறிப்பு: அம்மாவின் பைன்மர அலமாரியை நேற்று அவருடைய தட்டைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனோம். நடு ஆற்றில் அலமாரி தண்ணீரில் இறங்கிக்கொண்டது. கதவைச் சாத்தியபடியே மல்லாந்து ஃபிராங்க்ஃபர்ட் பக்கமாகப் போனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. உன் பச்சைக் கோட்டு அதற்குள் இருந்தது. வரும்போது வேறு கோட்டு கொண்டுவா.