இரைச்சலுக்கு நீ எழுதிய பதில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அந்த வரியில் தங்கச்சியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் அல்லது திட்டிவிடுவேன், இரண்டுமே உனக்குப் பழகிப்போனவை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் வேலைக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாள். குரல் பிடித்துப்போய், ஒரு பாடத்தைச் சுத்தமாகப் பதிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள். ஒலியைச் சரிசெய்யும் பழைய மிக்சர் ஒன்றும் மைக்கும் வாங்கி, துணி அலமாரிக்குள் தலையை நீட்டிக்கொண்டு வாசித்தாள், அப்பா அந்தப் பக்கம் இருமக்கூடப் பயந்தார். எப்படி வாசித்தாலும் பின்னால் உர்ரென்று ஓர் இரைச்சல். மூன்று நாள் வயரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அண்ணனிடம் கேளேன் என்றேன். "போன மாசம் கேட்டதுக்கே நெட்ல தேடுன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டான்மா" என்றாள். பிறகு இணையத்தில் நீ இருக்கிற அந்த ஒலிக்கருவிக் குழுவில் வேறு பேரில் சேர்ந்து கேட்டாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறேன், தப்பாகக் கேட்டால் மன்னியுங்கள் என்று தொடங்கி, எந்த வயர் எதில் போகிறது என்று படம்கூட வரைந்து போட்டிருந்தாள்.

முதல் பதில் உன்னுடையது. வீட்டில் நாங்கள் கூப்பிடும் தவளை என்ற பேரைத்தான் அங்கேயும் வைத்திருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "இதுகூடத் தெரியாதவங்க மைக்கை வித்துட்டு வேற பொழப்பு பாருங்க" என்று எழுதியிருந்தாய், கீழே எழுபது பேர் சிரித்திருந்தார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அழவில்லை, கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு மைக்கைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகம் தெரியாத யாரோ ஒருவர் அவளுக்குத் தனியாக எழுதினார், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள் என்று. பிடுங்கினாள், இரைச்சல் நின்றது. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வரி, உனக்கு அது தெரியாதா என்ன? எங்கள் தையல் கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவள் மெஷினில் நூல் பாபினைத் தலைகீழாகப் போட்டால் நாங்கள் கழற்றிச் சரியாகப் போட்டுக் கொடுப்போம், எழுபது பேரைக் கூப்பிட்டுக் காட்ட மாட்டோம்.

இதில் அவள் உனக்காகப் பரிந்து வேறு பேசுகிறாள். "நான்னு தெரிஞ்சிருந்தா அண்ணன் அப்படி எழுதியிருக்க மாட்டான்மா" என்கிறாள். எனக்கு வயிறு எரிவதே அதில்தான். தங்கச்சி என்றால் ஒரு வாய், ஊரார் பெற்ற பிள்ளை என்றால் வேறு வாயா? அப்படி வளர்த்ததாக எனக்கு நினைவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளுக்குப் போன் செய்துகொண்டு நிற்காதே, நான் எழுதியது தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். உன் உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அந்தக் குழுவை இன்றைக்குப் பார்த்தேன், ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டும் சத்தம் வருகிறது என்று யாரோ செவ்வாய்க்கிழமையிலிருந்து கேட்டுக் காத்திருக்கிறார்கள். அது யார் வீட்டுப் பிள்ளையோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்