வெயிலில் வைத்த பாட்டில்

ஆகஸ்ட் 25, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் அகப்பட்டாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். படித்தே ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே, பழைய கம்பளிக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாமா எனக்கு ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

மாமா, அம்மாவுடைய தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். மூன்று வருடம் வேலை தேடி அலைந்து, இந்த ஜூனில்தான் எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராகச் சேர்ந்தார். செப்டம்பர் முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். நிரந்தரமானால் கல்யாணம். பெண் வீட்டில் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள். அதற்குள் ஸ்டோர் ரூமில் இருக்கிற பாட்டில்களையெல்லாம் துடைத்து, கிழிந்த லேபிளை மாற்ற வேண்டும். போன வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் முடி வெட்ட வேண்டும். "நீதான் பன்னெண்டாவது சயின்ஸ் ஆச்சே, ஒரு அலமாரிய மட்டும் துடைச்சு வையேன். மிஸ்கிட்ட மூச்சு விடாதே" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பிள்ளைகளை உள்ளே விடவே கூடாது என்று சேர்ந்த அன்றே கெமிஸ்ட்ரி மிஸ் அவரிடம் சொல்லியிருந்தாராம்.

நான் நன்றாகத்தான் செய்தேன். மேல் அடுக்கின் மூலையில் ஒரு பாட்டில். உள்ளே மஞ்சள் படிகம், அதற்கு மேலே தண்ணீர் நின்றது. கூரை ஒழுகி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் உப்பு நமுத்துப்போனால் அம்மா ஜன்னலில் காயவைப்பாளே, அதே மாதிரி தண்ணீரை வடித்துவிட்டு, மூடாமல் ஜன்னல் விளிம்பில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். சனி, ஞாயிறு நல்ல வெயில். இன்று மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தபோது பொலபொலவென்று சர்க்கரை மாதிரி இருந்தது. மூடியை இறுக்கித் திருகி அதே மூலையில் வைத்தேன். பழைய லேபிள் ஊறி அழுகிப்போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் குண்டு குண்டாக எழுதி ஒட்டினேன்: பிக்ரிக் அமிலம்.

மாமாவுக்கு ஒரே குஷி. சாயங்காலம் என் அறைக் கதவில் பத்து விரலாலும் மேளம் கொட்டினார். அவருக்குக் கதவைத் தட்டத் தெரியாது, கொட்டத்தான் தெரியும். "கதவு பேந்துடும்டா" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விரல் நுனியெல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டாலும் போகவில்லை, எலுமிச்சை தேய்த்தாலும் போகவில்லை. "பல்லு விளக்காம விரலைக் கடிச்சியா?" என்கிறார் மாமா.

செப்டம்பர் 4, வியாழன்

எழுத்து கோணலாகப் போகிறது.

இன்று பீனால் பாடம். மிஸ் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி முடித்துவிட்டு, அம்புக்குறிக்கு வலதுபக்கம் அந்தப் பெயரை எழுதினார். என் கையெழுத்தில் நான் எழுதிய அதே பெயர். தோலில் பட்டால் மஞ்சள் ஏறும், லேசில் போகாது என்றார். நான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அப்புறம் சொன்னார். "இத எப்பவும் தண்ணிக்குள்ளதான் வெச்சிருக்கணும். காஞ்சுபோச்சுன்னா இது அமிலம் இல்ல, வெடிமருந்து. மூடி இடுக்குல ஒட்டியிருக்கிற தூளே போதும். திருகினா கை போயிடும்."

நம்மிடமும் ஒன்று இருக்கிறது, வருடா வருடம் நானே தண்ணீர் பார்த்து ஊற்றுவேன், இந்த வருடம் புதுக் கட்டடத்துக்குப் போனதும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முன் பெஞ்சில் யாரோ, அப்படியானால் பள்ளிக்கு லீவு விடுவார்களா மிஸ் என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

நானே திருகினேனே. அன்றைக்கு இறுக்கி இறுக்கித் திருகினேனே.

செப்டம்பர் 5, வெள்ளி

சொல்லிவிடலாம். மிஸ்ஸிடம் போய், மிஸ், அந்தத் தண்ணீரை நான்தான் வடித்தேன் என்று சொன்னால் முடிந்தது. உடனே அவர் கேட்பார், உனக்குச் சாவி யார் கொடுத்தது?

சொன்னால் மாமாவின் வேலை. சொல்லாவிட்டால் மாமாவின் கை. இல்லையென்றால் மிஸ்ஸின் கை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். மூன்று வருடம் மாமா என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிடுவார். முதல் சம்பளம் வந்த அன்றுதான் இன்னும் கொஞ்சம் போடு அக்கா என்று கேட்டார். நீங்கள் அதைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் விளையாட்டுப்போலக் கேட்டுப்பார்த்தேன். மாமா, மேல் அடுக்கில் இருக்கிற மஞ்சள் பாட்டிலை மட்டும் நீங்கள் தொடாதீர்கள் என்றேன்.

"ஏன், கடிக்குமா?"

ஆமாம் என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஜியாமெட்ரி பாக்ஸை உள்ளே விட்டுவிட்டேன் என்று மாமாவிடம் பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். இப்போது பொய்க்கும் குறைச்சல் இல்லை. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஊற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றுதான் போனேன்.

ஸ்டூல் மேல் ஏறினேன். மூடிக்குக் கீழே, கண்ணாடிக் கழுத்தைச் சுற்றி, மஞ்சளாக மெல்லிய கோடு. அந்த இடுக்குத் தூள். தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தால்—

ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடியபோது நான் அலமாரியைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தாலும் அலமாரியைத் தொடக்கூடாது என்று எப்படியோ தோன்றியிருக்கிறது. இறங்கி வந்து சாவியைக் கொடுத்தேன். பாக்ஸ் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வியாழக்கிழமை பாட்டில்களை மாற்றுகிறார்களாம். மாமாதான் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்.

செப்டம்பர் 10, புதன்

இன்று கட்டாயம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். வீட்டுக்கு வந்தால் பெண்ணின் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாமா புதுச் சட்டையில் இருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி விளிம்பில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்டாலும் இவருக்கு வெட்கம். லேபில் ஆபத்தான பொருளெல்லாம் இருக்குமாமே என்று அவர் கேட்டார். "அதெல்லாம் மிஸ் பாத்துப்பாங்க, நான் பாட்டிலத் துடைக்கிற ஆளு" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மாமாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் போன பிறகு அம்மா கேட்டாள், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

தலைவலி என்றேன். கோழை. வேறு என்ன சொல்வது என்னை?

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மணி அடிப்பதற்கு முன்பே ஓடினேன். அதற்குள் வண்டி வராந்தாவுக்கு வந்துவிட்டது. மேல் தட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. நடுவில் என் குண்டு எழுத்து. வராந்தா முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கிறது. வண்டியை அதில் இறக்குவதற்காக மாமா பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்தார்.

"மாமா, கைய எடுங்க."

சிரித்தார். நகரு வாலு, சக்கரம் காலில் ஏறிவிடும் என்றார். நான் வண்டிக்கு முன்னால் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், ஜன்னல், வெயில், மிஸ் சொன்னது எல்லாம். வரிசையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தூக்கிய வண்டியை, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல இறக்கினார். விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்தார்.

"நீ கிரவுண்டுக்குப் போ. ஓடாதே, நட. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே."

பிறகு மிஸ்ஸிடம் போனார்.

பள்ளியையே காலி செய்தார்கள். தடித்த உடுப்புப் போட்ட ஆட்கள் வந்தார்கள். வராந்தாவில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பாட்டிலை அவர்களும் திறக்கவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கிற காலி நிலத்துக்குப் போனார்கள். வெகுநேரம் கழித்து 'டொம்' என்று ஒரு சத்தம். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்களெல்லாம் ஒன்றாக எழும்பின. என் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். லீவு கிடைத்துவிட்டதே.

அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டிருந்தால்?

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று மாமா எச்.எம்மிடம் என்ன சொன்னார் என்று இன்றுதான் தெரிந்தது. தண்ணீரை வடித்தது அவர்தானாம். தெரியாமல் செய்துவிட்டாராம். பாடத்தில் கேட்டதை நான்தான் வந்து எச்சரித்தேன் என்பதைத் தவிர என் பேச்சே எடுக்கவில்லையாம்.

வேலை போய்விட்டது.

மிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சரியான நேரத்தில் மாமாவை எச்சரித்த கெட்டிக்காரி என்று வகுப்பில் என்னைப் பற்றிச் சொன்னார். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை.

செப்டம்பர் 13, சனி

மாமா முன்னறையை விட்டு வரவில்லை. தட்டை உள்ளேயே கொடுக்கச் சொல்கிறார். அம்மா ஒன்றும் தெரியாமல், இவ்வளவு வயசாகியும் உனக்குப் பொறுப்பு வரவில்லையே என்று திட்டுகிறாள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் சமையலறையில் கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விரலில் மஞ்சள் போய்விட்டது. நகத்துக்கடியில் மட்டும் கொஞ்சம்.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் பீரியட் போகவில்லை. நேராக எச்.எம் அறைக்குப் போய், அங்கேயிருந்த மிஸ்ஸுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைத் தவிர மற்றதையெல்லாம் சொல்வது என்று தொடங்கி, கடைசியில் சாவியையும் சொன்னேன்.

சாவியைக் கொடுத்தது கொடுத்ததுதான், வேலை திரும்பி வராது என்றார் எச்.எம். அது நியாயம்தான். எனக்கும் தண்டனை உண்டு, அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார். மிஸ் மட்டும் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தண்ணி எதுக்குன்னு லேபிள்ல எழுதி வெச்சிருந்தேன். அழுகிப்போச்சான்னு நானும் பாக்கல" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா? எனக்கு ஆறவில்லை.

அம்மாவிடம் நானே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசுகிற சத்தம். யாரோ அழுதார்கள். அம்மாவா மாமாவா தெரியவில்லை.

வெளியே வந்தபோது அம்மா ஒன்று மட்டும் சொன்னாள். பெண் நேற்று மாமாவுக்கு போன் செய்தாளாம். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டாளாம்.

மாமா என்னிடம் பேசி நான்கு நாள் ஆகிறது. இனிமேல் பேசவே மாட்டாரோ என்னவோ. பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கை

கதவில் சத்தம். தட்டுகிற சத்தம் இல்லை, கொட்டுகிற சத்தம். பத்து விரலும்