ஜன்னல் சீட்டு யாருக்கு

அன்பு மகனுக்கு,

நீ, உன் பெண்டாட்டி, பேத்தி மூணு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க எனக்கு ஒரு குறையும் இல்லை, முட்டிவலிகூட இந்த வாரம் அடங்கிக் கிடக்கு. உங்கப்பாவுக்குத்தான் பித்துப் பிடிச்சிருக்கு, உபயம் நீதான். உங்க ஊருக்கு வர்ற பிளேன்ல இடதுபக்கம் உட்கார்ந்தாத்தான் மலை தெரியும், இறக்கைக்கு முன்னாடி வரிசையா பார்த்துப் போட்டிருக்கேன், வெயில் கண்ணுல அடிக்காதுன்னு நீ போன்ல பாடம் எடுத்தாலும் எடுத்தே, மனுஷனுக்குக் கால் தரையில நிக்கலை. கூடத்து ஜன்னல் ஓரமா நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்துல இஸ்திரி மேஜையை நீட்டி வச்சு, அதுதான் இறக்கையாம், அது மறைக்காம எப்படி எட்டிப் பார்க்கறதுன்னு ஒத்திகை நடக்குது. சட்டை கொடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்காரரையும் பிடிச்சு உட்கார வச்சு மலை தெரியுதான்னு கேட்டார். எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி தெரியுதுன்னார் அவர், பாவம். உங்கப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டினவராச்சே, பைலட்டுக்குப் பின்னாடி சீட்டு காலியா இருக்கான்னு உன்னைக் கேட்கச் சொன்னார். கேட்டுட்டேன், என் கடமை முடிஞ்சது.

ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. ஸ்டியரிங் கையில இல்லேன்னா உங்கப்பா எத்தனை நிமிஷம் முழிச்சிருப்பார்? உன்னைக் காலேஜ்ல சேர்க்கப் போனோமே, அந்த ரயில்ல முண்டியடிச்சு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர், வண்டி கிளம்பறதுக்குள்ள குறட்டை. போதாததுக்கு வெயில் படுதுன்னு ஷட்டரையும் இறக்கிட்டார். பாலம் வந்ததாம், ஆறு வந்ததாம், நான் ஷட்டரைப் பார்த்துக்கிட்டே வந்தேன். அதுக்கு முன்னாடி நீ. பஸ்ல ஏறினாலே வாந்தி எடுக்கற பிள்ளைன்னு ஜன்னல் உனக்கு. வாந்தி நின்ன பிறகும் உனக்குத்தான், அப்புறம் உன் தங்கச்சிக்கு. நான் நடுவுல, மடியில பை. அது போய்த் தொலையட்டும். போன வாரம் நீ என்னடா சொன்னே? அப்பாவுக்கு ஜன்னல், அம்மாவுக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான்னு சொன்னியா இல்லையா? அவர் ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், சமையல்கட்டுல நின்னு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணுதான்னு உனக்கு யார் சொன்னா? மேகத்துக்கு மேல இருந்து மலையைப் பார்க்கணும்னு எனக்கு இருக்காதா? ரொம்ப ஆசையா இருக்குடா. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்ததே, அதுலதான் எனக்குக் கோபம்.

அதனால இவர் வெளியில போயிருந்தப்ப உன் பெண்டாட்டிகிட்ட போன்ல சொன்னேன். பாதி சொல்லும்போதே சிரிச்சுட்டா, அன்னிக்கே மாத்தியும் கொடுத்துட்டா. ஜன்னல் எனக்கு, உங்கப்பா நடுவுல. அந்தப் பக்கம் யாரோ முன்பின் தெரியாத புண்ணியவான், அவர் தோள்ல சாஞ்சு தூங்கட்டும். டிக்கெட்டைத் திறந்தா எப்படியும் உனக்குத் தெரிஞ்சுடும், அதான் நானே எழுதறேன். நீ கூப்பிட்டாலே இவர் ஸ்பீக்கர்ல போட்டுடறார், போன்ல சொன்னா இவர் காதுலயும் விழும். அவளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. திருப்பி மாத்தறேன் கீத்தறேன்னு கை வச்சே, நான் கிளம்பவே மாட்டேன், பேத்தியைக் கொஞ்ச உங்கப்பா மட்டும் வரட்டும், நீயும் அவரும் உட்கார்ந்து இறக்கையைப் பத்திப் பேசிக்கிட்டு இருங்க.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம, சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள்ள சமாதானமாகி நல்லா இருங்க. ஏர்போர்ட்டுக்கு வரும்போது ஞாபகம் வச்சுக்கோ, மலை எப்படி இருந்ததுன்னு அவரைக் கேட்காதே. என்னைக் கேளு.

ஆசிகளோடு,
உன் அம்மா