மூன்று பக்கத்தில் மிஞ்சிய ஒரு வரி

11 ஏப்ரல் 2003, வெள்ளி

தூக்கம் வரவில்லை. சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இன்று எங்கள் கல்லூரிச் சட்ட இதழில் கடைசி வருடத்துக்காரர்களுக்கு வழியனுப்பு விழா. போகிற ஆசிரியர்கள் எழுதும் விடைபெறும் குறிப்பைத்தான் புதிய ஆசிரியர் முதன்முதலில் திருத்த வேண்டும். அது எங்கள் வழக்கம். நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். புதிய ஆசிரியரான மூன்றாம் வருட ஜெனிபர் எல்லார் முன்னாலும் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டாள்.

“கோச்சிக்காதீங்கக்கா. இது ஒண்ணுதான் நீங்க எழுதுனது. மத்ததெல்லாம் எல்லாரும் எழுதுறது.”

என்னோடு ஆசிரியராக இருந்த செல்வம், “உனக்கு ஒரு வரியாவது வுட்டா. என்னுது மொத்தமும் காலி” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் முதலில் கைதட்டியதும் நான்தான். இவள் கையில் இதழ் பிழைத்துக்கொள்ளும்! இனி எதிலும் தலையிட மாட்டேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் விட்டுவைத்த வரி இது: ‘ஷிப்ட் முடிந்து வந்த பெண் என் தோளில் தூங்க, அவளை எழுப்பாமல் ஒரே கையால் ப்ரூஃப் திருத்திய அந்த ஒரகடம் பஸ்ஸை என்றும் மறவேன்.’

என்றும் மறவேன்! அதுவும் எல்லாரும் எழுதுவதுதானே? ‘ஒரகடம் பஸ்ஸில் அவளை எழுப்பாமல் ஒரே கையால் ப்ரூஃப் திருத்தினேன்’ என்று நிறுத்தியிருக்க வேண்டும். எப்படி விட்டாள்?

இதழ் அச்சகத்துக்கு நாளை மதியம்தான் போகிறது. முதல் பஸ்ஸைப் பிடித்தால் அவளைப் பிடித்துவிடலாம்.