சிமென்டில் கீறிய பெயர்

சேசு மரி சூசை

ஜீவனஹள்ளி,
1934 ஏப்ரல் 22, ஞாயிறு

அன்புள்ள மகன் ஆம்ப்ரோஸுக்கு அம்மா எழுதுவது. ரங்கூனில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஆரோக்கிய மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. பாஸ்குத் திருநாளுக்கு நீ எழுதின கடிதம் இந்த மாதம் நாலாம் தேதி புதன்கிழமை வந்தது. உனக்கு மர இன்ஸ்பெக்டர் உத்தியோகம் ஆனதைப் படித்துவிட்டு உன் தங்கை பெர்னதெத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா இன்னும் மரங்கொத்தி மாதிரி மரத்தைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா என்று அதில் கேலி பண்ணியிருந்தாய். அவர் அதைப் படித்துச் சிரித்தார், மறுநாள் காலை வேலைக்குப் போனபோது கூட மரம் ஏறுகிற டொமினிக்கிடமும் சொல்லிச் சிரித்தாராம். இப்போது உன் அப்பா மரத்தைத் தட்டுவதில்லை. வேலையை விட்டுப் பதினாறு நாள் ஆகிறது. ஏன் என்று எழுதுகிறேன், உட்கார்ந்து முழுக்கப் படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதே.

அந்த வியாழக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் வேலை. ஓட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்துக் கிளையை மழைக்கு முன்னால் இறக்கவேண்டும். அப்பா எப்படி வேலை செய்வார் என்று உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன், ரங்கூன் தண்ணீரில் மறந்திருப்பாய். கத்தியின் முதுகால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், ஏணி போட்டுக் கிளை பிரிகிற கவைவரைக்கும் அதேபோல் கேட்பார். உள்ளே பொந்து என்று தெரிந்தால் மார்பளவு உயரத்தில் மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு வளையம் போட்டுவிடுவார். வளையம் போட்ட மரத்தில் யாரும் ஏறக்கூடாது, துரையே வந்து சொன்னாலும் ஏறக்கூடாது. கெட்டி என்று கேட்டால்தான் சிலுவை போட்டுக்கொண்டு ஏறு என்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஏறு என்று சொல்லி ஏறினவன் ஒருவனும் விழுந்ததில்லை. அன்றைக்கும் தட்டினார், கவையில் மட்டும் மூன்று தரம் தட்டினார், எல்லா இடமும் கெட்டியாகத்தான் கேட்டிருக்கிறது. டொமினிக்கை ஏறச் சொன்னார். பதினைந்து வயதில் உன் இடுப்பில் கயிறு கட்டி முதல் மரம் ஏற்றினானே, அதே டொமினிக்தான். அவன் கிளையில் நடந்து போய்க் கயிறு போடுவதற்குள் கவையோடு பிய்த்துக்கொண்டு கிளை வந்தது, அவனும் அதோடு வந்தான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் மரம் ஏற முடியாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் நம் வீட்டிலிருந்துதான் சோறு போகிறது.

மறுநாள் அப்பா ஆபீசுக்குப் போய், எனக்குக் காது மந்தமாகிவிட்டது, பொந்துச் சத்தத்தைக் கெட்டி என்று நினைத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லி மேஸ்திரி வேலையை விட்டார். கத்தியையும் கயிற்றையும் தன் ஆட்களில் ஒருவனான நோயல் கையில் கொடுத்தார், இப்போது அவன்தான் மேஸ்திரி. எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. பெர்னதெத் வெல்ல டப்பாவை மெல்லத் திறந்தால் வாசலிலிருந்து அதட்டுகிற மனுஷருக்கு ஒரே நாளில் எப்படிக் காது போகும். கோவிலில் டொமினிக் பெண்சாதி எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், சோற்றை மட்டும் பிள்ளைகளுக்காக வாங்கிக்கொள்கிறாள். தெருப் பிள்ளைகள் செவிட்டு மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்கள், அவரும் கேட்காதவர் மாதிரியே போகிறார்.

முந்தாநாள் கறிவேப்பிலைக் கன்று வைக்கக் கொல்லையில் தோண்டினேன். கடப்பாரை எதிலோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் சாக்கில் சுற்றின ஒரு சிமென்ட் கட்டி. பின்பக்கம் உளுத்த மரம் ஒட்டிக்கொண்டிருந்தது, முன்பக்கம் பட்டை மாதிரியே கோடு கீறிச் சாயம் பூசி, அதன்மேல் பாசி கூடப் பிடித்திருந்தது. மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் ஆணியால் இங்கிலீஷில் உன் பெயர், அதன் கீழே 1929. கடைசி எழுத்துக்கு வால் இழுப்பாயே, சிலேட்டில் எழுதின நாளிலிருந்து, அந்த வாலும் இருந்தது. மரத்துக்குள் உளுத்துக்கொண்டே போயிருக்கிறது, வெளியே உன் சிமென்ட் கெட்டி கெட்டி என்று அப்பா காதில் பொய் சொல்லியிருக்கிறது. விழுந்த கவையிலிருந்து எடுத்துவந்து அப்பாதான் புதைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். அப்புறம், "பேரு கெட்டா பையன் வேலை போயிடும். எனக்கு வயசாச்சு, காது போச்சுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ வாயைத் தெறக்காத" என்றார்.

நான் வாயைத் திறக்கிறேன். உன்னைச் சர்க்கார் தோட்டத்தில் பயிற்சிக்குச் சேர்க்க அந்த மனுஷர் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் துரை வாசலில் நின்றார் என்று உனக்குத் தெரியுமா? புஸ்தகம் படித்துப் பொந்தை அடைக்கக் கற்றுக்கொண்டாய், அதில் எனக்குக் கோபம் இல்லை. சுண்ணாம்பு வளையம் போட்டால் காம்பவுண்டுக்கு அசிங்கம் என்று துரைசானிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய், அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்பாவின் ஆட்கள் வேறு தெருவில் இருந்த நாளாகப் பார்த்து அடைத்துவிட்டு, இந்த மரத்தில் ஏறாதீர்கள் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் திட்டுவார் என்று பயந்தாயா, துரையின் சபாஷ் போதும் என்று இருந்தாயா? பெயர் கீற நேரம் இருந்தது, ஒரு கை சுண்ணாம்பு பூச நேரம் இல்லையா? வயிறு எரிகிறது ஆம்ப்ரோஸ். பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே, பெற்றதால்தான் எழுதுகிறேன்.

அடைத்தது ஒரு மரமா பத்து மரமா என்று இங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் காது கெட்டதுதான் காரணம் என்று நம்பிக்கொண்டு நோயலும் மற்ற ஆட்களும் நாளை திங்கட்கிழமை கத்தியால் தட்டிக் கேட்டு ஏறப்போகிறார்கள். மகன் பெயரைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் இன்னும் எத்தனை பேரைக் கீழே தள்ளும் என்று கேட்டு நேற்று முழுக்க அவரோடு சண்டை. அவர் சாப்பிடவே இல்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்தக் கட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு முதலில் நோயல் வீட்டுக்கும் பிறகு ஆஸ்பத்திரியில் டொமினிக்கிடமும் போகிறேன். உன் பதில் வரும்வரை ஏணி எட்டுகிற உயரத்துக்கு மேல் ஒருவனும் ஏறமாட்டான், அந்த வாக்கை நோயலிடம் வாங்காமல் திரும்ப மாட்டேன். நீ இதைப் படித்த அன்றே தந்தி கொடு. எந்தத் தெரு, எந்தப் பங்களா, எந்த மரம், எந்தக் கவை, ஒன்று விடாமல் வரவேண்டும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம், மரங்களை மட்டும் எழுது. அங்கே ரங்கூனிலும் அடைத்திருந்தால் உன் பெரிய துரையிடம் அன்றைக்கே போய்ச் சொல், அங்கே ஏறுகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். உத்தியோகம் போனால் போகட்டும், வீட்டுக்கு வந்து சேர், இங்கே டொமினிக் பிடித்த கயிறு சும்மா கிடக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, அங்கே மழை தொடங்கினால் ஈரத் தலையோடு படுக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தை நிறுத்திவைக்க எனக்குத் தெரியவில்லை, மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். தந்தியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரியம்மாள் மதலைமுத்து

பின்குறிப்பு: இதை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அழுவது வெளியே தெரியக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் அது காதில் விழுந்து, வாசலில் உட்கார்ந்திருந்த உன் அப்பா எழுந்து வந்து கதவைத் தட்டுகிறார்.